ஒன்பது வீடும் ஒரு கைப்பிடியும்

கடலொளிக் குடியிருப்பு முதன்முதலில் தரையை விட்டு எழும்பியபோது நாங்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்தோம், அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வீட்டிலும் மீன் வாங்கியிருந்தோம், ஒன்பது வீட்டிலும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஆகவே தட்டில் இருந்த குழம்பு மேற்குப் பக்கமாக ஒதுங்கத் தொடங்கியபோது அவரவர் தட்டைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தோம். முதலில் முடித்துக் கை கழுவ எழுந்தவர்கள்தான் குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், வாசல் வேப்பமரத்தின் உச்சி அவர்கள் கால்மாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

சங்கச் செயலாளர் சொர்ணலிங்கம் அண்ணாச்சி, அரிசிக்கடை வைத்திருப்பவர், முதல் மாடியிலிருந்து ஈரக்கையோடு படியிறங்கிப் போய்த் தரைத்தளத்தில், விமான இரைச்சல் வந்துகொண்டிருந்த அமலியின் கதவைத் தட்டினார்.

"அமலி, என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க?"

"விமானம் ஓட்டுதேன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல."

"ஓட்டு, ஓட்டு, வேண்டாங்கல. கொஞ்சம் கீழ எறக்கிட்டு ஓட்டு. கேஸ்காரன் சிலிண்டரத் தோள்ல வச்சிக்கிட்டுக் கீழ நிக்கான் பாவம்."

அமலி இறக்கினார். சுவர்கள் மெல்ல முனகின, தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் சட்டைப் பொத்தான் மாட்டுவதுபோல் டக் டக்கென்று பழைய இடங்களில் பொருந்திக்கொண்டன, கேஸ்காரர் உள்ளே வந்து சிலிண்டரை வைத்துவிட்டுப் போனார். அதுதான் தொடக்கம்.

அமலோற்பவம் என்கிற அமலி, தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தார். இடதுகைக்காரி. குத்தியதே தெரியாமல் ஊசி குத்துவார், அழுகிற பிள்ளையைக்கூடக் கதை கேட்க வைத்துவிட்டு ரத்தம் எடுத்துவிடுவார், எதற்கும் பதறாத மனுஷி. ஆனால் உயரம் மட்டும் அவருக்கு ஆகாது. எங்கள் கட்டடத்தில் தரைத்தள வீடுதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிக் குடிவந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய கணவர் கஸ்பார் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஒப்பந்தம் முடிந்தும் மாற்று ஆள் வராமல் கப்பலிலேயே தங்கிப்போனவர். அந்தக் கப்பல் பழுதுபார்ப்புக்காகச் சிங்கப்பூரில் நின்றபோது, "வந்து ஒருவாரம் இருந்துட்டுப் போ புள்ள" என்று டிக்கெட் எடுத்து அனுப்பினார். புதுப் பெட்டி, புதுச் செருப்பு, பொரித்த நெத்திலி, எலுமிச்சை ஊறுகாய் என்று எல்லாம் கட்டிக்கொண்டு போன அமலி, விமானத்தின் ஏணிப்படியில் ஒரு காலை வைத்தார், மேலே பார்த்தார், காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நெத்திலியை எங்களுக்குப் பங்குவைத்துக் கொடுத்தபோது அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் வேலை பார்க்கும் இடத்து டாக்டரம்மாதான் ஒரு வழி சொன்னார்: வீட்டிலேயே கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகு, சிமுலேட்டர் என்று விற்கிறது, பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். அமலி வாங்கினார். விசைப்பலகையை வைத்து ஓட்டிப் பார்த்ததில் விமானம் மலையில் முட்டியது, கடலில் விழுந்தது, ஒருமுறை விமான நிலையத்தின் கழிவறைக்குள்ளேயே போய் நின்றது. அதன்பிறகுதான் உள்ளதிலேயே மலிவாக ஒரு ஜாய்ஸ்டிக் வாங்கி அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். வலதுகைக்கென்று வளைத்துச் செய்த கைப்பிடி, அதன் அடியில் வேகத்துக்கென்று விரல்நுனி அளவுக்கு ஒரு த்ராட்டில். அந்தச் சின்னத் த்ராட்டிலை மேலே தள்ளியபோது திரையில் விமானமும் திரைக்கு வெளியே நாங்களும் எழும்பினோம்.

விஷயம் தெரிந்ததும் அமலி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "இனிமே அதத் தொடவே மாட்டேன்" என்றார். ஆனால் அதற்குள் இரண்டாம் மாடி ஜொகரா பீவி தன் வடகம் எப்போதும் இல்லாத வேகத்தில் காய்ந்திருப்பதைக் கண்டுவிட்டார், மூன்றாம் மாடிக்காரர்களுக்குத் தொலைபேசி சிக்னல் முதல்முறையாக முழுசாகக் கிடைத்துவிட்டது, மேலே கொசு இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்துவிட்டது. "ஏம்மா, ஒனக்கும் பழக்கமாகும், எங்களுக்கும் காத்து வரும். சும்மா ஓட்டு" என்றார் ஜொகரா பீவி. கடைசியில் அமலி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அவர் ஓட்டும்போது அவர் வீட்டு ஜன்னல் திரைச்சீலையை யாரும் விலக்கக் கூடாது. திரையில் தெரிகிற உயரத்தை அவரால் பார்க்க முடிந்தது, ஜன்னலில் தெரிகிற உயரத்தைத்தான் முடியவில்லை.

எங்கள் ஊர் எதற்கும் இடம் கொடுத்துவிடும். சங்கம் கூடி விதிகள் வகுத்தது: பறக்கும்போது பக்கெட்டில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அடுப்பில் எண்ணெய் வைக்கக் கூடாது, மாடியில் துணி காயப்போட்டவர்கள் இரண்டு கிளிப் மாட்ட வேண்டும், ஊரிலிருந்து விருந்தாளி வருகிற வீட்டுக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் விருந்தாளி வெற்று மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். மேலே இருக்கும்போதும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது, மீட்டர் மட்டும் ஓடவில்லை, அதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை என்பதும் ஒரு விதி. ஓர் அதிகாரி வந்து கட்டடம் அனுமதித்த உயரத்தைத் தாண்டுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். கீழே நின்று மாடிகளை எண்ணினார், வரைபடத்தில் உள்ள மாடிகள்தான் இருந்தன, மோர் குடித்துவிட்டுப் போனார். தபால்காரர் நாங்கள் இறங்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார். தெருவில் உள்ளவர்கள் எங்கள் நிழல் எப்போது எங்கே விழும் என்று பார்த்து அதில் கட்டில் போட்டுப் படுத்தார்கள், நிழல் நகர்ந்தால் அமலியைத் திட்டினார்கள்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அந்த மலிவு ஜாய்ஸ்டிக் நடுவில் நிற்காது. கையை எடுத்தாலும் தானாகக் கொஞ்சம் இடது பக்கம் போகும், கட்டடமும் கூடவே மேற்கே சாயும். வெங்காயம் உருண்டது, பந்து உருண்டது, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே பக்கம் ஒருக்களித்துத் தூங்கின. கிழக்கு வீட்டு உருளைக்கிழங்கு மேற்கு வீட்டுக் குழம்பில் கொதித்ததாக ஒரு சண்டை வந்தது, அந்தக் குழம்பை வந்து ருசி பார்த்துத் தன் கிழங்குதான் என்று அடையாளம் சொன்னவரால் அது பெருஞ்சண்டையானது. அமலிக்கோ வலதுகைப் பிடியை இடதுகையால் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. அண்ணாச்சி சங்கத்தைக் கூட்டி, "ஒரு நல்ல கைப்பிடி வாங்குவோம். லிஃப்ட் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல, இதுதான் லிஃப்ட்டுன்னு நெனச்சிக்கிடுங்க" என்றார்.

அமலி, அண்ணாச்சி, ஜொகரா பீவி மூவரும் மதுரைக்குப் போனார்கள். பேருந்தில்தான் போனார்கள், மதுரையில் கட்டடத்தை நிறுத்த இடம் கிடைக்காது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார், "என்ன ஓட்டப் போறீங்க? போர் விமானமா, பயணிகள் விமானமா, ஹெலிகாப்டரா? அதச் சொன்னாத்தான் எதக் காட்டுறதுன்னு தெரியும்."

"குடியிருப்பு" என்றார் அண்ணாச்சி.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "எத்தன மாடி?"

"தரைத்தளம், அதுக்கு மேல மூணு மாடி. ஒம்பது வீடு."

"அப்ப போர் விமானக் கைப்பிடி வேண்டாம். அதுல பட்டன்தான் நெறைய இருக்கும், சுடுறதுக்கு. ஒங்களுக்கு யாரையும் சுட வேண்டி இருக்கா?"

ஜொகரா பீவி கிழங்குக் குழம்பு வைத்த மேற்கு வீட்டை நினைத்துச் சற்று யோசித்துவிட்டு, "இல்ல" என்றார்.

கடைக்காரர் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது லேசான ஸ்பிரிங், சின்னப் பிள்ளைக்கும் அசையும், ஆனால் கை நடுங்கினால் அதுவும் நடுங்கும். இது இறுக்கமான ஸ்பிரிங், நடுங்காது, ஆனால் நெடுநேரம் ஓட்டினால் தோள் வலிக்கும். இது உள்ளே உரசி உரசித் தேய்கிற வகை, கொஞ்ச நாளில் நடு இடத்தை மறந்துவிடும், உங்கள் பழசு செய்கிற கோளாறு அதுதான். இது காந்தத்தால் அறிகிற வகை, எதுவும் எதையும் உரசாது, ஆகவே தேயாது. ஒரே துண்டாகத் த்ராட்டிலும் கைப்பிடியும் சேர்ந்த வகை இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் பிள்ளை குட்டிகளோடு பறக்கிறவர்களுக்குத் த்ராட்டில் தனியாக இருப்பதே நல்லது, கனமானதாக, கையகலத்துக்கு, வைத்த இடத்தில் நிற்பதாக. அமலி ஒவ்வொன்றையும் இடதுகையால் பிடித்துப் பார்த்தார், எல்லாமே வலதுகைக்காரர்களின் கட்டைவிரலுக்குப் பள்ளம் தோண்டி வைத்தவையாக இருந்தன. கடைசியில் கடைக்காரர் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். எந்தப் பக்கமும் வளையாத, இரு கைக்கும் பொதுவான கைப்பிடி, முறுக்கினால் கட்டடத்தின் முகம் திரும்பும். அமலி அதைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. பில் போடும்போதுகூட அவர் கையில்தான் இருந்தது.

மாட்டுவது இன்னொரு பெரிய வேலையாகப் போயிற்று. கைப்பிடியைச் சாப்பாட்டு மேசையின் இடது ஓரத்திலும் த்ராட்டிலை வலது ஓரத்திலும் கிளாம்ப் போட்டு இறுக்கினோம், முழங்கை மேசையில் தொங்காமல் சமமாக இருக்க வேண்டும் என்று நாற்காலிக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம், எடுத்தோம், ஜொகரா பீவி வீட்டு மணையை வைத்தோம், சரியாக இருந்தது. அமலி சோதித்துப் பார்க்கக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். எழும்ப வேண்டிய கட்டடம் கீழே இறங்கிற்று, மண் வழிவிட, தரைத்தள ஜன்னலின் பாதிவரை பூமிக்குள் போயிற்று, ஈரமண் வாசனை அடித்தது, நீளமாக ஒரு மண்புழு ஜன்னல் கம்பியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. கம்ப்யூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் மேல்கீழ் தலைமாறி இருந்திருக்கிறது, ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டதும் சரியாகிவிட்டது. கட்டடம் மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்தது.

அப்புறம் டெட் ஸோன். கைப்பிடி நடுவிலிருந்து கொஞ்சம் அசைந்தாலும் விமானம் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டிய இடைவெளி அது. அதை எவ்வளவு வைப்பது என்று அமலி கேட்டார். கூட வைத்தால் கட்டடம் மந்தமாகும், குறைய வைத்தால் தும்மினாலே திரும்பும். அண்ணாச்சி விளக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, "அதான் நாம எல்லாரும் செய்யுததுதான. மேல் வீட்டுல ஒரல் இடிக்கிற சத்தத்தக் கேட்டும் கேக்காம இருக்கோம்லா, அந்த அளவுக்கு வையி" என்றார். அந்த அளவுக்கே வைத்தார். கைப்பிடியை லேசாக அசைத்தால் லேசாகவும், முழுசாகத் தள்ளினால்தான் வேகமாகவும் திரும்புகிற மாதிரி திரையில் அதற்கென்று இருந்த வளைகோட்டையும் மெதுவாக்கினார். த்ராட்டிலின் பக்கவாட்டுத் திருகை இறுக்கி, விசிறிக் காற்றுக்கு நகராமலும் விரல் சொன்னால் நகர்வதாகவும் செய்தார். அன்று மாலை ஏறினோம். கட்டடம் நேராக நின்றது. மேசைமேல் வைத்த எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒன்பது வீட்டுக்காரர்களும் அந்தப் பழத்தைப் பார்க்க வரிசையாக வந்தார்கள்.

அதன்பிறகு எங்கள் நாட்கள் காற்றோட்டமாகக் கழிந்தன. உப்பளங்களுக்கு மேலே போய் வெள்ளைக் குவியல்களைப் பார்த்துவிட்டு வந்தோம், மழைமேகத்துக்குள் மொட்டைமாடியை நுழைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்தோம், காசு கொடுத்து வாங்கும் தண்ணீர் லாரியை மறந்தோம். அமலி மட்டும் திரைச்சீலைக்கு உள்ளேயே இருந்தார். ஒருபோதும் வெளியே பார்க்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை கஸ்பாரிடமிருந்து தொலைபேசி வந்தது. அமலி பேசிவிட்டு வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஜொகரா பீவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்னம்மா?"

"அவிய கப்பல் நம்ம தொறமொகத்துக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கி. உள்ள வர இடம் இல்லன்னுட்டாவளாம். சாயங்காலம் கொழும்புக்குத் திருப்பி உடுதாவ."

"படகு புடிச்சிப் போயிப் பாத்துட்டு வாயேன்."

"படகு எதுவும் கிட்ட வரக் கூடாதாம், எறங்கவும் கூடாதாம். கப்பல் மேல நின்னா நம்ம மாதாகோயில் கோபுரம் தெரியுதுன்னு சொல்லுதாவ, மைனி. கோபுரம் தெரியுது, என்னைத் தெரியல." அப்போதுதான் அமலி அழுதார்.

ஜொகரா பீவி அழவிட்டார். பிறகு எழுந்து நின்று, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார். "எல்லாரும் துணிய எடுங்க! அடுப்ப அமத்துங்க! கடலுக்குப் போறோம்!"

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அரிசிக்கடையை அடைத்துவிட்டு அண்ணாச்சி ஓடிவந்தார், பணியாரச் சட்டியோடு ஒருத்தி ஓடிவந்தாள், பாதி முகம் சவரம் செய்தபடி ஒருவர் சலூனிலிருந்து ஓடிவந்தார். அமலி முகத்தைக் கழுவி, மணையில் சமமாக நின்ற நாற்காலியில் உட்கார்ந்து, இடதுகையைக் கைப்பிடியிலும் வலதுகையைத் த்ராட்டிலிலும் வைத்தார். குழாய்களும் மின்கம்பிகளும் பொத்தான்களாகக் கழன்றன, வேப்பமரம் கீழே போயிற்று, மாதாகோயில் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு நாங்கள் கடலுக்கு மேல் வந்தோம். மீன்பிடிப் படகுகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, எங்கள் கட்டடத்தை அடையாளம் கண்டு, அமலியக்கா போறாங்க என்று கையாட்டினார்கள். கடல்காற்று பலமாக இருந்தது. அமலி திரையையே பார்த்து ஓட்டினார், கட்டடம் ஆடவில்லை.

கப்பலுக்கு அருகே வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. திரையில் கடல் இருந்தது, காற்று இருந்தது, மேகம்கூட இருந்தது. கப்பல் இல்லை.

"கம்ப்யூட்டர்ல அவிய கப்பல் இல்ல அண்ணாச்சி" என்றார் அமலி. "எங்க நிக்கின்னு தெரியாம எப்படிக் கிட்ட போறது? மோதிருச்சின்னா?"

மொட்டைமாடியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல, படிக்கட்டில் நின்று இன்னொருவர் வாங்கிச் சொல்ல, அண்ணாச்சி அமலி காதில் சொல்லிப் பார்த்தார். வலது என்பது வந்துசேர்வதற்குள் இடதாகிவிட்டது, காற்று தள்ளியதில் கப்பலின் உயர்ந்த இரும்புச் சுவர் சமையலறை ஜன்னல்களை மறைத்துக்கொண்டு வந்தது, நாங்கள் வேண்டாத சாமி இல்லை. அமலி த்ராட்டிலைத் தள்ளி ஒதுங்கினார். திரும்ப வந்தார். திரும்பவும் ஒதுங்கினார்.

அப்போது கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குரல். "ஏ புள்ள! எங்க பாத்துட்டு ஓட்டுத? இந்தப் பக்கம் பாரு!"

அமலி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "மேசையத் திருப்புங்க" என்றார்.

நாங்கள் ஆறுபேர் சேர்ந்து, கைப்பிடியும் த்ராட்டிலும் கிளாம்ப் போட்டபடியே இருக்க, அவர் கை அவற்றின்மேலேயே இருக்க, மேசையையும் நாற்காலியையும் ஜன்னல் பக்கம் திருப்பினோம். ஜொகரா பீவி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று விலக்கினார்.

அவ்வளவு கடலும் அமலியின் மடியில் வந்து கொட்டியது. கீழே நீலம், அதற்கும் கீழே கருநீலம், அலைகளின் வெள்ளைக் கோடுகள், ஒரு கடற்பறவையின் முதுகு, பறவையின் முதுகைப் பார்க்கிற உயரம். அவர் முகம் வெளுத்தது, நெற்றி வேர்த்தது. ஆனால் கை நடுங்கவில்லை. பிள்ளைகளின் நரம்பைத் தேடி ஊசி வைக்கிற அந்த இடதுகை, கைப்பிடியை நூலளவு முறுக்கியது, வலதுகை த்ராட்டிலை மயிரளவு இறக்கியது, அவர் கண் கப்பலின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்ற ஒரு மனிதரின் மேல் இருந்தது. அந்த மனிதர் ஆரஞ்சு நிற உடுப்புப் போட்டிருந்தார், தாடி வைத்திருந்தார், மெலிந்திருந்தார். எங்கள் தரைத்தள வாசலும் கப்பலின் மேல்தளமும், இரண்டு பக்கத்து வீட்டு வாசல்கள்போல், ஒன்றோடொன்று பொருந்தி நின்றன.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் கஸ்பார், ஜன்னலுக்கு வெளியே நின்று.

"ரொம்ப" என்றார் அமலி. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு அவருக்கு நிற்கவே இல்லை. "உள்ள வாங்க. எனக்குக் கைய எடுக்க முடியாது, நீங்கதான் வரணும்."

கஸ்பார் கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் வயதான ஒரு கோவாக்காரர். அவர் வாசற்படியையும், படியில் போட்டிருந்த கோலத்தையும், கதவடியில் கிடந்த மிதியடியையும் வெகுநேரம் பார்த்தார். படகு எதுவும் அருகே வரக் கூடாது என்பது உத்தரவு, வீடு வரக் கூடாது என்று எங்கும் இல்லை என்றார். அப்புறம் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கப்பலில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். வெவ்வேறு தேசத்து ஆட்கள், பல மாதமாக வீடு என்று ஒன்றைக் காணாதவர்கள், ஒன்பது வீட்டிலும் புகுந்து நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், தொட்டிலை ஆட்டினார்கள், ஒருவர் மூன்றாம் மாடிக் கட்டிலில் படுத்து உடனே தூங்கிப்போனார். ஜொகரா பீவி பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார், பறக்கும்போது எண்ணெய் வைக்கக் கூடாது என்ற விதியை அண்ணாச்சியே தன் கையால் எண்ணெய் ஊற்றி மீறினார். கஸ்பார் ஒரு நாற்காலியை இழுத்து அமலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கையை எடுக்க முடியாத மனைவிக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் டெட் ஸோனில் இருந்தோம்.

வெயில் சாயத் தொடங்கியதும் கப்பலின் சங்கு ஊதியது. கப்பலாட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, தூங்கியவரை எழுப்பிக்கொண்டு, கையில் ஆளுக்கொரு வடகப் பொட்டலத்தோடு வாசலைத் தாண்டிப் போனார்கள். கஸ்பாரும் போனார். நங்கூரம் சங்கிலிச் சத்தத்தோடு மேலே வந்தது. கப்பல் நகர்ந்தது, எங்கள் கட்டடம் நகரவில்லை, இரண்டு வாசல்களுக்கும் நடுவே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது, கோடு அகலமாகிற்று.

அமலி ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "நாளைக்கி ஞாயித்துக்கெழமதான? யாருக்கும் அவசரமா வேல இருக்கா?"

பாதிச் சவரக்காரர் தன் கன்னத்தைத் தடவிவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

அண்ணாச்சிக்கு மட்டும் செயலாளர் என்ற முறையில் ஒரு சந்தேகம் இருந்தது. "எம்மா, கொழும்புன்னா வேற தேசம்லா. ஒன்னத் தவிர நம்மள்ல யார்ட்டயும் பாஸ்போர்ட் கெடையாதே. அங்க எறங்கி யாராவது கேட்டாவன்னா என்ன சொல்லுதது?"

"எதுக்கு அண்ணாச்சி எறங்கணும்?" என்றார் அமலி, த்ராட்டிலை முன்னே தள்ளிக்கொண்டே. "நாம யாரும் வீட்ட விட்டு வெளியவே போகலயே."